எழுபது கிராம் கரி

அந்தச் சக்கரம் என் கையிலேயே உடைந்தது.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் பின்புறம். காலடியில் ஊதா நிறச் சேறு, மூக்கைக் குத்தும் ஆசிட் நெடி. பம்ப்பைக் கழற்றி அதற்குள் இருந்த இம்பெல்லரை, அதாவது சுழன்று தண்ணீரைத் தள்ளும் இரும்புச் சக்கரத்தை, அங்கிருந்த ஃபிட்டர் என்னிடம் நீட்டினார். என் சித்தப்பாவின் பட்டறையில் வார்த்தது. ஓட ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. திருப்பிப் பார்க்கலாமென்று விளிம்பை லேசாக அழுத்தினேன். டீயில் தோய்த்த வர்க்கி பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏனுங்க அம்மணி, இரும்புன்னு சொல்லிப்போட்டு முறுக்கு மாவுல செஞ்சு அனுப்பிச்சீங்களா?" என்றார் ஃபிட்டர்.

கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். அவருடைய எவர்சில்வர் டிபன் கேரியர் பக்கத்துத் திண்டில் திறந்து கிடந்தது. அதே ஆசிட் காற்றில், அதே சேற்றுக்கு நடுவில்தான் வருஷக்கணக்காக இருந்திருக்கும். ஒரு புள்ளி துரு இல்லை.

இந்தச் சக்கரத்தை எவர்சில்வரிலேயே ஊற்றினால் என்ன?

திரும்பும் பஸ் அவிநாசியைத் தாண்டுவதற்குள் டிக்கெட்டின் பின்பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டுத் தீர்த்திருந்தேன். அதற்குமேல் எழுத இடமில்லாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினேன்.

அட்டாலியில் ஒரு குடும்பம்

நம் வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான். அன்னூரில் எங்கள் வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், என் கல்யாணத்துக்கென்று அம்மா ஏற்றி வைத்திருந்த குடமும் அண்டாவும் மட்டும் ஒரு சின்னக் குடும்பத்துக்குக் காணும். எல்லாவற்றிலும் என் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். மாப்பிள்ளை பெயருக்கு இடம் விட்டிருப்பதாக அண்ணன் கேலி செய்வான்.

இத்தனை எவர்சில்வருக்கு நடுவில் வளர்ந்து, காலேஜில் நான்கு வருஷம் மெட்டலர்ஜியும் படித்துவிட்டு, அது உருகி நான் பார்த்ததே இல்லை. தகட்டை அழுத்திப் பாத்திரமாக்குவது வேறு சங்கதி. ஆயிரத்து அறுநூறு டிகிரியில் உருக்கி அச்சில் ஊற்றுவது முற்றிலும் வேறு. அதில் நிக்கல், குரோமியம் எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது கார்பன். நூற்றுக்கு 0.08 பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே ஆசிட் இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து தின்றுவிடும்.

கணபதியில், ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்தது சித்தப்பாவின் ஷெட். அதுவரை இரும்பு மட்டுமே வார்த்த இடம். மின்சாரத்தில் ஓடும் பழைய உலை ஒன்றை அவர் அப்போதுதான் வாங்கிப் போட்டிருந்தார். நூறு கிலோ பிடிக்கும். சுவிட்சைப் போட்டால் ஆயிரம் வண்டு ஒரே சமயத்தில் பாடுகிற மாதிரி ஒரு ரீங்காரம்.

நான் சொன்னதைச் சித்தப்பா கடைசிவரை கேட்டார். அப்புறம், வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு (பட்டறைக்கும் வெள்ளை வேட்டிதான், அதில் பொறி பட்ட ஓட்டைகள் சின்ன நட்சத்திரங்கள் மாதிரி இருக்கும்) ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு வடக்க ஏதோ கம்பெனியில லேப் வேலைக்கு ஆர்டர் வந்துதே, அது என்னாச்சு கண்ணு?"

"இருக்குதுங்க சித்தப்பா. மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரோணும்."

"சரி. ரெண்டு ஹீட்டுக்குச் சரக்கு வாங்கித் தாரேன். ரெண்டும் போச்சுன்னா நீ ரயிலேறிப்போடு. நான் இரும்போடயே கெடந்துக்கறேன்."

ஒருமுறை உருக்கி ஊற்றுவதற்குப் பெயர் ஹீட். எனக்குக் கிடைத்தது இரண்டு.

எங்களுக்கு வேலை தரும் பம்ப் கம்பெனி இம்பெல்லரின் பேட்டர்னைக் கொடுத்தது. மரத்தில் செதுக்கிய அந்த மாதிரியை மணலில் பதித்துத்தான் அச்சு எடுப்போம். அது யார் ஷெட்டில் இருக்கிறதோ வேலை அவர்களுடையது. கம்பெனியின் இன்ஸ்பெக்டர் சுந்தரம் சார் வெள்ளிக்கிழமை சாயந்தரம் வருவதாகச் சொல்லியிருந்தார். தேறிய இம்பெல்லர் குறைந்தது இரண்டு இருந்தால் பேட்டர்ன் எங்களிடம் தங்கும். இல்லையென்றால் அவரோடு வண்டியேறும்.

செவ்வாய்க்கிழமை

ஷெட்டின் கரும்பலகையில் திங்கட்கிழமை காலையிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தேன். நிலக்கரித் தூள் கூடாது. அடுப்புக்கரி கூடாது. உமி கூடாது. மரத்தூள் கூடாது. இரும்பு வார்க்கிறவர்களுக்கு இவையெல்லாம் உப்பு, புளி மாதிரி. மணலில் நிலக்கரித் தூள் கலப்பார்கள், சூடு ஆறாமலிருக்க உருகிய இரும்பின் மேல் உமியை வீசுவார்கள். எல்லாம் கார்பன். எனக்கு ஆகாது.

அச்சு வேலைக்கும் லேடலுக்கும் காதர் பாய். லேடல் என்பது உலையிலிருந்து உருகியதைப் பிடித்து அச்சுக்குக் கொண்டுபோகும் கனமான வாளி. உள்ளே மண் பூசியிருக்கும். பாய் பலகையை வாய்விட்டுப் படித்தார்.

"உமி கூடாது, கரி கூடாது. அம்மணி, டீ குடிக்கலாமுங்களா, அதுவும் கூடாதா?"

"பால் எச்சாப் போட்டுக் குடிங்க பாய்."

செவ்வாய்க்கிழமை எல்லாம் சுகமாக நடந்தது. நடந்ததாக நினைத்தேன். இரும்பு உருகினால் ஆரஞ்சுப் பழ நிறம். இது வெள்ளை. நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தும் கண்ணில் தண்ணீர் கோத்தது. உலையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சாம்பிள் ஊற்றினேன். பிறகு லேடலில் பிடித்து மூன்று அச்சுக்கும் ஊற்றினோம். பொறி பறக்கவில்லை, ஒழுகவில்லை. சித்தப்பா எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார்.

அச்சோடு ஊற்றிய சோதனைக் கம்பிக்கு மறுநாள் லேப் ரிப்போர்ட் வந்தது. கார்பன் 0.13.

முதலில் பழைய இரும்புக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். உக்கடத்தில் ஒவ்வொரு துண்டிலும் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாததாகப் (நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது) பொறுக்கி எடுத்த சரக்கு. ஆனாலும் அவர் முகம் சரியில்லை என்று இப்போது தோன்றியது. அப்புறம் லேப்பைச் சந்தேகப்பட்டேன். லேப்காரரிடம் போய் மறுபடி போடச் சொல்லி நின்றேன். மறுபடியும் 0.13.

அப்போதுதான் பையில் கிடந்த கரண்டிச் சாம்பிள் நினைவுக்கு வந்தது. உலையிலிருந்து நேராக எடுத்தது. அதையும் போடச் சொன்னேன்.

0.06.

உலைக்குள் இருக்கும்போது நன்றாக இருந்திருக்கிறது. அச்சுக்குப் போவதற்குள் கெட்டிருக்கிறது. நடுவில் இருந்தது ஒன்றே ஒன்று.

பீளமேட்டு லேப்பிலிருந்து கணபதிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

மூன்று கை

லேடல் மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தி, உள்ளே விரலை விட்டுத் தேய்த்தேன். விளிம்புக்குக் கீழே, உருகிய எஃகு தொடாத இடத்தில், விரல் கண்மை டப்பாவில் விட்ட மாதிரி கருகருவென்று வந்தது.

"பாய், இதுல என்ன பூசுனீங்க?"

"கிராஃபைட்டுத்தானுங்க. எப்பவும் ஒரு கை பூசறது. இதுக்கு மூணு கை பூசுனேன்."

"மூணா!"

"பொறகு? புது மெட்டலு. மொத மொதலா நம்ம பட்டறைக்கு வருது. ஒறம்பரை வாராங்கன்னா ஊட்டுக்கு வெள்ளையடிக்க மாட்டமா?"

அவர் பெருமையோடுதான் சொன்னார். கிராஃபைட் முழுக்க முழுக்கக் கார்பன் என்பது காலேஜில் முதல் வருஷப் பாடம். பலகையைத் திரும்பிப் பார்த்தேன். நிலக்கரித் தூள், அடுப்புக்கரி, உமி, மரத்தூள். நான்கும் என் கையெழுத்தில் அழகாக நின்றன. கிராஃபைட் இல்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை சாயந்தரம் அந்த லேடலை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். கருப்பாக, எண்ணெய் தேய்த்த எருமை முதுகு மாதிரி மின்னியது. "நெம்ப நீட்டா இருக்குதுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூறு கிலோவில் 0.06 பங்கு 0.13 ஆக வேண்டுமென்றால் எவ்வளவு கார்பன் கரைய வேண்டும்? எழுபது கிராம். ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். மூன்று இம்பெல்லரையும், ஒரு ஹீட்டையும், நிக்கல் சரக்கையும் ஒரு கைப்பிடி தின்றுவிட்டது. திரும்ப உருக்கினாலும் எங்கள் உலையில் அந்தக் கார்பன் வெளியே போகாது.

"நாந்தேன் கெடுத்துப்போட்டேன்னு மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுங்க அம்மணி" என்றார் பாய். பெருமையெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

"பலகையில எழுதாம உட்டது நானுங்க."

சித்தப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு தப்புன்னு ஏலம் போட்டு முடிச்சீங்களா? சரக்கு ஒரு ஹீட்டுக்குத்தான் கெடக்குது. சுந்தரம் வெள்ளிக்கெழமை வாரான். ஆகற சோலியப் பாருங்க."

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி

வியாழக்கிழமை முழுக்க லேடலின் பழைய மண்ணைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார் பாய். ஈரம் போகக் காய வைக்க வேண்டும். வழக்கமாக உள்ளே அடுப்புக்கரி போட்டுக் கொளுத்துவார்கள்.

"கரி போட்டுக் காய வெச்சுப்போட்டு, அப்பறம் சுத்தமாக் கூட்டித் தள்ளீரலாமுங்க" என்றார்.

"கரிப் பேச்சே வேண்டாங்க பாய்."

இன்று யோசித்தால், அவர் சொன்னபடி செய்திருக்கலாம். கூட்டித் தள்ளினால் ஒன்றும் ஆகியிருக்காது. சூடு கண்ட பூனையாகியிருந்தேன் நான். பக்கத்து லேத் பட்டறையில் டீசல் பர்னர் ஒன்றை இரவல் வாங்கி வந்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் பர்னர் வாயில் அடைப்பு. எப்போது அணைந்ததோ தெரியாது. லேடல் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் நிற்கும், சாயந்தரம்தான் வரும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். பாய் ஜும்மாத் தொழுகைக்கும் போக வேண்டும். அடைப்பை எடுத்துப் பர்னரைத் திரும்பக் கொளுத்தினோம். உலையில் சரக்கு உருக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் காய்ந்துவிடும் என்று நான் தைரியம் சொன்னேன். பத்து மணிக்குச் சுவிட்சைப் போட்டோம்.

பதினொன்றே காலுக்கு உள்ளே எல்லாம் வெள்ளையாகக் கொதித்தது. சூடுமானி ஆயிரத்து அறுநூறைத் தொட்டது. கரண்டிச் சாம்பிளை நேராக லேப்புக்கு அனுப்பினேன்.

பாய் டீக்கிளாஸ் தட்டு ஒன்றை எடுத்து, பர்னரை அணைத்துவிட்டு, லேடல் வாய்க்கு மேலே ஒரு நிமிஷம் பிடித்தார். திருப்பிக் காட்டினார். தட்டின் அடியில் பொடிப் பொடியாக வேர்த்திருந்தது.

"ஈரமுங்க."

"கொஞ்சந்தானுங்க பாய்..."

"இந்தக் கொஞ்சம் போதுமுங்க, நம்ம எல்லாரையும் கூரைக்கு அனுப்ப."

அவர் சொன்னது மிகையில்லை. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் நீராவியாகி வெளியேற வழி தேடும். மேலே நூறு கிலோ எஃகு. அது வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும் என்று அவருடைய இடது முழங்கைத் தழும்பைப் பார்த்தால் போதும்.

"இன்னும் எத்தனை நேரமாகுமுங்க?"

"ஒரு மணி வரைக்குமாவது காயோணுமுங்க."

உலை பாடிக்கொண்டே இருந்தது. மின்சாரம் நின்றால் உள்ளேயே உறைந்து உலையும் போய்விடும். இல்லையென்றால் இப்போதே மணலில் கட்டியாக ஊற்றிவிட்டு நான் ரயிலேறலாம். சித்தப்பா வாட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நான் லேடலத் தூக்க மாட்டேனுங்க" என்றார் பாய். "கோவிச்சுக்காதீங்க."

"தூக்க வேண்டாங்க பாய்." சொல்லிவிட்டுத்தான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே பிடிபட்டது. "லேடலே வேண்டாம்!"

"அப்பறம்?" என்றார் சித்தப்பா. "துப்பட்டாவுல புடிப்பியா கண்ணு?"

"உலை சாயுதல்லங்க? அச்சுப் பெட்டியவே உலை மூக்குக்குக் கீழ கொண்டாந்து வெப்போம். நேரா ஊத்துவோம்."

மூக்குக்குக் கீழே

"அது கரண்டியாங்க அம்மணி, சாய்ச்சா சொன்ன எடத்துல உழுகறதுக்கு?" என்றார் பாய். உலை சாயச் சாய எஃகு விழும் இடம் முன்னால் நகரும். அச்சின் வாயோ டம்ளர் அகலம்தான். ஆனால் அவர் கண் அதற்குள் உலை மூக்குக்கும் தரைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. "வாயில நேரா உழுகாது. மேல நீளமா ஒரு தொட்டி வெச்சா உழுகும். மாட்டுத் தாழியாட்ட."

சொல்லி முடிப்பதற்குள் பாய் வேலையில் இறங்கிவிட்டார். சிலிகேட் கலந்த மணலைப் பலகைக்குள் அடித்து, கையாலேயே குடைந்து, அடியில் அச்சின் வாய்க்கு நேராக ஒரு துளை வைத்து, மணலை இறுக்கும் கேஸ் விட்டார். இரண்டு நிமிஷத்தில் கல் மாதிரி இறுகியது. ஸ்பிரிட்டில் கரைத்த வெள்ளைப் பூச்சை நான் தடவினேன். தீக்குச்சி உரசியதும் நீலமாக எரிந்து காய்ந்தது. கரியும் இல்லை, ஈரமும் இல்லை. மூன்று தொட்டி. சித்தப்பாவும் ஷெட் ஆட்கள் இரண்டு பேரும் அச்சுப் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். சிமென்ட் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் தரை வெடித்துத் தெறிக்கும். காய்ந்த மணலை வாரி வாரி இறைத்தோம்.

பதினொன்று நாற்பத்தைந்து. கைச் சக்கரத்தைச் சுற்றி உலையைச் சாய்த்தது சித்தப்பா. கைகாட்டியது பாய். கசடைத் தடுக்க நீளக் கம்பியோடு நான்.

முதல் பெட்டி. வெள்ளைக் கயிறு மாதிரி தொட்டியின் நடுவில் இறங்கியது. "மெல்ல... மெல்ல... சித்தெ நில்லுங்க... ஆ, போதும்!" அச்சின் மறுபக்கத் துளையில் எஃகு எட்டிப் பார்த்தது. நிறைந்துவிட்டது.

இரண்டாவது பெட்டி. சித்தப்பா ஒரு பல் கூடுதலாகச் சுற்றிவிட்டார். எஃகு தொட்டியைத் தாண்டி மணலில் விழுந்து மத்தாப்பாகச் சிதறியது. "அக்கட்டப் போங்க!" என்று பாய் கத்தினார். எல்லோரும் பின்வாங்கினோம், சித்தப்பாவைத் தவிர. வேட்டி ஓரம் புகைந்தது. ஒரு கையால் அதை உதறிக்கொண்டே மறுகையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, திரும்பவும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். பெட்டி நிறைந்தது.

மூன்றாவதை வைத்துக்கொண்டிருக்கும்போது ரீங்காரம் நின்றது.

அந்த நிசப்தத்தை நான் அதற்குமுன் அந்த ஷெட்டில் கேட்டதேயில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

"ஊத்துங்க!" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. நல்லவேளை, சாய்க்கும் சக்கரம் கைச் சக்கரம். மீதியை அப்படியே கவிழ்த்தோம். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது. மறுபக்கத் துளையில் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. உலை காலி.

பாய் கைகால் கழுவிக்கொண்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல் சைக்கிளில் ஏறினார். "வந்து ஒடைக்கறேன். அதுவரைக்கும் ஆரும் பெட்டியத் தொடக்கூடாது" என்றார், என்னை மட்டும் பார்த்து.

சுந்தரம் சாரின் காந்தம்

மூன்றாவது இம்பெல்லருக்குப் பாதி இறக்கைதான் இருந்தது. மற்ற இரண்டும் முழுசு. அச்சோடு ஊற்றியிருந்த சோதனைக் கம்பியைச் சித்தப்பாவே ஸ்கூட்டரில் லேப்புக்குக் கொண்டுபோனார். நான் வரவில்லை என்றேன். முகத்தைப் பார்த்து அவரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தவர் ஸ்கூட்டரை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்து, வேட்டியைச் சரிசெய்து... எனக்கு உயிரே போய்விட்டது.

"கரண்டிச் சாம்பிளு புள்ளி சைபர் ஆறு, கம்பியும் அதே ஆறு" என்றார். "நடுவுல ஒண்ணுமே ஏறலையாம்."

சுந்தரம் சார் ஆறு மணிக்கு வந்தார். அதிகம் பேசாதவர். பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தார். சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்தார். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். பாதி இறக்கைச் சக்கரத்தைக் காலால் புரட்டி, "இதென்னது?" என்றார்.

"அது கரண்ட்டு போனப்ப ஊத்துனதுங்க" என்றார் பாய். "பாக்கி ரெண்டும் இருக்கறப்ப ஊத்துனது."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டர்னை எடுக்கவில்லை. பைக்குள் கைவிட்டு ஒரு ஆர்டர் தாளை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார். அது கை மாறி என்னிடம் வந்தது.

"இதே பேட்டர்ன்தான். ஆனா அடுத்த தடவை கார்பன் 0.03க்குள்ள வரணும். உப்பு எடுக்கற கம்பெனிக்குப் போகுது. இந்தப் பக்கம் இன்னும் யாரும் ஒத்துக்கலை. முடியுங்களா?"

மூன்று. எங்கள் உலைக் குழம்பிலேயே ஆறு இருந்தது. சரக்கையே மாற்ற வேண்டும். பொறுக்கி எடுக்கக் காந்தம் போதாது, ஒவ்வொரு துண்டையும் லேப்பில் காட்ட வேண்டும். தொட்டி, பூச்சு, கசடு தள்ளும் கம்பி வரை எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"முடியுமுங்க சார்."

சார் போனபிறகு சித்தப்பா என்னைத் திட்ட வாயெடுத்தார். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. உலைக்கு அடியில் பாய் குத்தவைத்து உட்கார்ந்து, மூக்கிலிருந்து தரைவரை சாண் போட்டுக்கொண்டிருந்தார்.

"உலைய ரெண்டு மொழம் தூக்கி வெச்சு, அடியில தண்டவாளம் போட்டமுன்னா பெட்டிய ஒண்ணொண்ணாத் தள்ளி உட்ரலாமுங்க. தூக்கற வேலையே இல்ல."

"தரைய ஒடைக்கோணுமே பாய்?" என்றார் சித்தப்பா.

"ஒடைக்கத்தான் வேணுமுங்க."

சித்தப்பா குனிந்து தரையைப் பார்த்தார். சிதறிய எஃகு அங்கங்கே மணலில் உறைந்து, வெள்ளி மிளகு மாதிரி கிடந்தது. ஒன்றைப் பொறுக்கி ஊதிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கெழமை காலையில கடப்பாரைக்கு ஆளு சொல்லிப்போடு கண்ணு" என்றார்.